தங்கை வீட்டுச் சமையல்கட்டும் என் வீட்டுச் சமையல்கட்டும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட முழுசாக இராது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொறித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் 2022-ஆம் வருஷம் ஆவணி மாதம் என் தங்கை திண்டிவனத்தில் கிரகப்பிரவேசம் செய்த அன்று, அவள் சமையலறை வாசலில் நின்று என் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு தேசத்தில் இருப்பதுபோல் தோன்றியது. பொறாமை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை.

இருவருக்கும் பணம் கொடுத்தது ஒரே கைதான். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனையை விற்று, அம்மா எங்களுக்கு ஆளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தாள். "நகையா வாங்கிப் பூட்டி வைக்காதீங்கடீ. தினமும் நிக்கிற இடத்துக்குச் செலவு பண்ணுங்க" என்றாள். பெண்கள் தினமும் நிற்கிற இடம் எது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன! என் பங்கில் 80,000 ரூபாய் பெண்ணின் நர்சிங் காலேஜுக்குப் போயிற்று. மீதியை வைத்துக்கொண்டு 2021-ல் விழுப்புரத்திலேயே ஒரு கடையில் மாடுலர் கிச்சனுக்குச் சொன்னேன்.

கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகமாக இருக்கும். கீழ்ப் பெட்டிகள், மேல் அலமாரிகள், பரண் கதவுகள் எல்லாம் சேர்த்து 92 சதுர அடி. அடிக்கு 1,150 ரூபாய். ஆக 1,05,800. கம்பிக் கூடை, கரண்டித் தட்டு, கைப்பிடிகள் என்று இன்னும் 12,200. மொத்தம் 1,18,000. "பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட வரும்மா" என்றார் கடைக்காரர். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பின்னால் ஒரு நாள் அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் போய் வாதாட முடியாமல் நிற்கப்போகிறோம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தக் கடையில் நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரமும் நிறம்தான் பார்த்தேன். வெங்காயத் தோல் நிறமா, மாதுளை நிறமா, மேலே வெள்ளையும் கீழே சாம்பலுமா! ஒரு புடவை வாங்கினால் முந்தானையைத் திருப்பிப் போட்டு நூலைப் பார்க்கிறவள் நான். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறவள். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிற அலமாரிக்கு உள்ளே என்ன பலகை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை அப்படி இல்லை, புதுச்சேரிக்கு நாலு தடவை போய்ப் பெரிய ஷோரூமில் விசாரித்துச் செய்தாள். 96 சதுர அடி, அடிக்கு 2,450. இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் டிராயர்கள், மூலையில் சுழலும் தட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு மளிகை அலமாரி, சிம்னி, இவற்றுக்கு 91,000. கடைசி வரியில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 58,716 ரூபாய். எல்லாம் கூட்டி 3,84,916. "ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமா வீடு கட்டினதுக்கு வரியாக்கும்" என்று அவள் வீட்டுக்காரர் ஜோக் அடித்தார். ஜோக்கில் சுரத்து இல்லை. ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா கொடுத்தது போக மீதிக்கு 1,85,000 ரூபாய் கடன். மாதம் 6,300 சொச்சம் வீதம் 36 மாதம்.

ஆனால் அந்தச் சமையலறை எப்படி இருந்தது என்கிறீர்கள்! டிராயரைத் தள்ளினால் சத்தமில்லாமல் தானே போய் மூடிக்கொள்கிறது. அதில் இருப்பு தோசைக்கல், வெண்கலப் பானை, குக்கர் எல்லாம் வைத்தும் பிள்ளை தள்ளினால்கூட நகர்கிறது. என் வீட்டில் எட்டாவது மாதமே பாத்திர டிராயர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கதவுகளில் கீல் ஆடியது. ஆசாரியைக் கூப்பிட்டு, தங்கை வீட்டில் இருப்பதுபோலவே உயர்ந்த ஜெர்மன் கீலாக நாலு வாங்கி மாட்டச் சொன்னேன். மூன்று மாதம் தாங்கியது. பிறகு ஒரு நாள் கதவைத் திறந்தபோது கீல் அப்படியே இருக்க, அது பிடித்துக்கொண்டிருந்த பலகை மாவாக உதிர்ந்து, கதவு என் கால் மேல் விழுந்தது. ஆசாரி அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தூள் பலகைம்மா இது. ஒரு தடவை ஸ்க்ரூ கழண்டா மறுபடி பிடிக்காது. கீலு என்ன செய்யும் பாவம்" என்றார்.

அப்போதுதான் தூள் பலகை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். மரத்தூள், சீவல், கரும்புச் சக்கை இவற்றைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. பார்ட்டிகிள் போர்டு என்று கடைகளில் சொல்வார்கள். மேலே அழகான தாள் ஒட்டி வந்துவிடுவதால் உள்ளே இருப்பது தெரியாது. இன்னும் நைசான நாரை அழுத்திச் செய்தது எம்.டி.எஃப். பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக, ரேகை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டியது. அதிலும் ரகம் உண்டு. பலகையின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 303 என்று இருந்தால், எம்.ஆர். என்ற சாதாரண ரகமா, பி.டபிள்யூ.ஆர். என்ற தண்ணீர் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். ஐ.எஸ். 710 என்றால் கப்பல் பலகை ரகம், மரைன் பிளை. அதை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிப்பார்களாம். நாம் பருப்பு வேகவைப்பதுபோல! என் பெட்டிகள் எல்லாம் தூள் பலகை. தங்கையின் பெட்டிகள் 710.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமையலறை புதிதாக வந்த முதல் மாதம், கதவைத் திறந்தால் கண் எரியும்படி ஒரு நெடி. சின்னவனுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. அந்த மாதம் அதிகமாயிற்று. டாக்டரிடம் போனபோது, "வீட்ல புதுசா பெயின்ட், மரவேலை ஏதாவது நடந்ததா?" என்று அவரே கேட்டார். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியுமாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாளாக ஆக நெடி குறையும். கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் சில வாரம் திறந்துபோட்டு வைக்கச் சொன்னார். பலகை வாங்கும்போது 'ஈ-1' அல்லது 'ஈ-0' ரகமா என்று கேட்டு வாங்கினால் கசிவு குறைவாக இருக்கும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதை மட்டும் அவசியம் கேளுங்கள்.

நான் சொல்வதைக் கேட்டால் தங்கை வீட்டில் எல்லாமே உசத்தி என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அவள் வீட்டு மேடை 36 அங்குல உயரம். ஷோரூமில் அதுதான் அளவு என்று சொல்லிவிட்டார்கள். என் தங்கையோ ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. சப்பாத்தி மாவு பிசைய, பூஜையறையிலிருந்து மணையைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறி நிற்கிறாள்! நாலு லட்ச ரூபாய்ச் சமையலறையில் மணை. தோள்பட்டை வலி என்று மாதா மாதம் தைலம் வேறு. எங்கள் வீட்டு மேடையைக் கட்டிய கொத்தனார் என்னை நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு விரற்கடை கீழே பென்சிலால் கோடு போட்டார். முப்பத்தொன்றரை அங்குலம் வந்தது. எனக்கு இன்றுவரை இடுப்போ தோளோ வலித்ததில்லை. அவர் அதற்குத் தனிக் கூலி கேட்கவும் இல்லை.

காலேஜில் படிக்கிற என் பெண் போனில் எதையோ படித்துவிட்டு ஒரு சமாசாரம் சொன்னாள். இப்படி அளவெடுத்துப் பெட்டி பெட்டியாகச் செய்யும் சமையலறைக்கு முன்னோடி, ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1926-ல் வந்ததாம். வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரப் பெண்மணி. பெரிய பங்களாவுக்கா? இல்லை, குறைந்த வாடகைக்கு நகரசபை கட்டிய சின்னச் சின்ன வீடுகளுக்கு. சுமார் 10,000 வீடுகளில் அதை வைத்தார்களாம். அரிசி, மாவு, சர்க்கரை கொட்டி வைக்க அலுமினியத்தில் இழுப்பறைகள், அப்படியே சாய்த்துக் கொட்ட மூக்கும் வைத்து! ஏழை வீட்டுப் பெண்ணின் கால்நடையை மிச்சப்படுத்தப் பிறந்த சாமான், நம் ஊருக்கு வந்தபோது பணக்காரச் சாமானாகிவிட்டது. அந்த அம்மாள் அதற்குமுன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொன்னாராம். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தாலும், அலுமினிய இழுப்பறை யோசனை மனசில் தங்கிவிட்டது.

தங்கை வீட்டில் இன்னொரு வேடிக்கை. கருவாடு, மீன் வறுவல், அப்பளம், வடை எதுவும் அந்தச் சமையலறையில் கிடையாது. பளபளவென்ற அக்ரிலிக் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிடும் என்று, வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட்டுக்குக் கீழே ஒரு பழைய அடுப்பை வைத்துக்கொண்டாள். வேகாத வெயிலில் அங்கே நின்று வடை சுடுவாள். உள்ளே சமையலறை ஏ.சி. ரூம்போல சில்லென்று சும்மா இருக்கும். "இது யாருக்குடீ கட்டினே?" என்று கேட்டால், "வர்றவங்க பாக்கறதுக்குத்தான் அக்கா" என்று அவளே சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஏறிய புயல் நகர்ந்து போகாமல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை அரசூர் அருகே நெடுஞ்சாலை மேலேயே ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் டிசம்பர் 2-ஆம் தேதி ரயில்களை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெரு தாழ்வான தெரு. விடிகாலையில் காலில் சில்லென்று ஏதோ படுகிறதே என்று எழுந்தால், கட்டிலுக்குக் கீழே தண்ணீர். பத்து மணிக்கு முழங்கால் அளவு. அரிசி டிரம்மையும் மிக்ஸியையும் மேடைமேல் ஏற்றினோம். காஸ் சிலிண்டரை இவர் கழற்றி ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. ஒன்றரை நாள் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே நின்றது.

வடிந்த பிறகு சமையலறைக்குள் போனேன். கதவுகள் திறக்கவில்லை. உப்பி, ஒன்றோடொன்று இறுகி நின்றன. இவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப, கதவு வரவில்லை, கதவின் மேல் தாள் மட்டும் உரிந்து வந்தது. உள்ளே பலகை, டீயில் தோய்த்த ரஸ்க்குபோல இருந்தது. கையால் அள்ளிக் கூடையில் போட்டேன். முதலில் அழுகை வரவில்லை. மூன்றாவது கூடை நிறைந்தபோது, இது எண்பதாயிரத்தைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் பிடித்த பணம் என்று ஞாபகம் வந்தது. அப்போது உட்கார்ந்துவிட்டேன், அந்தச் சேற்றிலேயே.

நாலாம் நாள் போன் வேலை செய்ததும் தங்கைக்குப் போட்டேன். எடுத்தவுடன் அழுதாள். அவர்கள் வீட்டில் தண்ணீர் முக்கால் அடிதான் வந்ததாம். "பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. கதவுதான்... அத்தனையும் அடியில ஊதிப்போச்சு. அக்ரிலிக் தனியா பிரிஞ்சு நிக்குது. இன்னும் ஒன்பது மாசம் கட்டணும் அக்கா." பெட்டி 710 மரைன் பிளை என்று கேட்டு வாங்கினாளே தவிர, கதவுக்குள் என்ன பலகை என்று அவளும் கேட்கவில்லை. கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், 'ஷட்டர்: எம்.டி.எஃப்.' என்று இருந்திருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், பத்து வருஷ உத்தரவாதத்தில் வெள்ளம் சேராது என்று சொல்லிவிட்டார்களாம்.

அவள் அழுததைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால், 'நாலு லட்சமும் நனைந்துதான் போயிற்றா' என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன், திட்டிக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 2,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, பஸ் ஓடத் தொடங்கியதும் அம்மாவைப் பார்க்கப் போனேன். மயிலம் பக்கத்துக் கிராமம், மழை அங்கேதான் அதிகம். அம்மா சமையலறையிலும் முழங்கால் தண்ணீர் நின்றிருந்தது. ஆனால் நான் போனபோது அவள் வழக்கம்போல உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சமையலறை 1986-ல் அப்பா கட்டியது. செங்கல் குட்டிச் சுவர்கள், நடுவில் கடப்பாக் கல் தட்டுகள், அவ்வளவுதான். பித்தளைப் பாத்திரங்களை எடுத்துக் கழுவி, குழாயைப் பிடித்துத் தட்டுகளில் தண்ணீர் அடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து முடித்துவிட்டாள். "சுவத்துக்கு ஒரு கை சுண்ணாம்பு அடிக்கணும். கல்லு என்னடீ ஆகும்?" என்றாள். கூட வந்திருந்த இவர் சும்மா இல்லாமல், "அப்ப நாம திருவக்கரைக்குப் போய் அந்தக் கல்லாய்ப்போன மரத்தைத்தான் கேட்கணும் அத்தை. ரெண்டு கோடி வருஷமா ஊதலையே" என்றார். எங்கள் ஜில்லாவில் திருவக்கரையில் கல் மரப் பூங்கா இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அன்றுதான் பத்து நாளைக்கப்புறம் நான் சிரித்தேன்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். ஆசாரியிடம் ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கி, பின்பக்கத்து வாளித் தண்ணீரில் போட்டேன். மறுநாள் காலை தூள் பலகை இரண்டு மடங்கு தடித்து, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. எம்.டி.எஃப். ஆப்பம்போல நடுவில் உப்பி நின்றது. ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர். என்று இப்போது எல்லாக் கடையிலும் சிபாரிசு செய்கிறார்களே, அது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது, பரவாயில்லை. 710 பிளைவுட் போட்டது போட்டபடி. நாலு நாள் ஊறவிட்டும் அப்படியேதான். வாங்குகிற கடையில் ஒரு துண்டு கேளுங்கள். கொடுக்க மறுத்தால், உங்களுக்கு அதுவே பதில்.

அதே வேகத்தில் இரும்புக் கூடைகளையும் விசாரித்தேன். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்கம்மா ஒட்டலை, அசல் எவர்சில்வர்" என்பார். மயங்கிவிடாதீர்கள். 202 என்ற மட்டமான ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உப்பும் புளியும் ஈரமும் படுகிற இடத்துக்கு 304 ரகம்தான் நிற்கும். எண்ணைக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். என் பழைய கூடைகள் சிங்குக்குக் கீழே இரண்டே வருஷத்தில் செம்புள்ளி விழுந்து, தட்டுகளில் கறை ஒட்டியது.

2025 சித்திரையில், சீட்டுப் பணம் வந்ததும், சமையலறையைத் திரும்பச் செய்தேன். நல்லவேளையாக என் கிரானைட் மேடை கொத்தனார் கட்டிய செங்கல் சுவர்மேல் நிற்கிறது. பெட்டிகளை அடியில் தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவே. பெட்டி போனாலும் மேடை தப்பியது. (மேடையையே பெட்டிமேல் தூக்கி வைக்கிறார்கள் சில இடங்களில். தங்கை வீட்டில் அப்படித்தான். பெட்டியை மாற்றவேண்டி வந்தால் கல்லையும் பெயர்க்க வேண்டும்.) பழைய பெட்டி இருந்த இடத்தில் கடப்பாத் தட்டுகள் சொருகி, தரையிலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டினோம். கல், சிமென்ட், கொத்தனார், சித்தாள் கூலி எல்லாம் 14,500. கதவுக்கு அலுமினியச் சட்டமும் ஷீட்டும், 19,000. கடப்பாத் தட்டில் ஒரு சங்கடம், ஆழத்தில் இருப்பதை எடுக்கக் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும். வயது ஏற ஏற முடியாது. அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் 304 ரகத்தில் மூன்று இழுப்பறைகள், நல்ல கம்பெனி சானலோடு, 11,400. தினமும் எடுக்கிற சாமான்கள் அதில். ஆகமொத்தம் 44,900 ரூபாய், இந்தத் தடவை பில்லோடு.

கடப்பாக் கல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து வெள்ளைத் திட்டு விழும். பாத்ரூம் கழுவுகிற ஆசிடைத் தவறியும் ஊற்றாதீர்கள். உள் தட்டுக்குச் சரி, மேடைக்குக் கிரானைட்தான் வேண்டும். தட்டும் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் கரப்பான் குடிவரும். பக்கத்திலேயே நின்று சிமென்ட் பூசச் சொல்லுங்கள். கொத்தனார்கள் நாம் டீ போடப் போகும் நேரம் பார்த்து அதை விட்டுவிடுவார்கள்.

சிலிண்டர் வைக்கும் அறையின் கதவில், கீழ்ப்பக்கமாகச் சல்லடைபோல ஓட்டை போடச் சொன்னேன். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். என் பழைய பெட்டியில் அழகு கெடும் என்று ஒரு ஓட்டைகூட இல்லாமல் மூடியிருந்தார்கள். மூன்றரை வருஷம் அதன் பக்கத்தில் நின்று சமைத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. ரப்பர் டியூபையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். டியூபின் மேலேயே வருஷம் போட்டிருக்கும்.

மேல் அலமாரிகளை நான் மாற்றவே இல்லை. அதே தூள் பலகைதான். தண்ணீரும் படாமல், கனமும் ஏறாமல், பிளாஸ்டிக் டப்பாக்களைச் சுமந்துகொண்டு இன்றும் நன்றாகவே இருக்கிறது. அதை ஏன் வீணாகக் கழற்றி எறிய வேண்டும்? அதுவே சிங்குக்குக் கீழே என்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். தங்கை செலவழித்ததில் அந்த 710 பெட்டிகளும் டிராயர் சானல்களும் கொடுத்த காசுக்குத் தகும் என்றுதான் இப்போதும் சொல்வேன். அக்ரிலிக் கதவும் சுழலும் மூலைத் தட்டும் தகாது. அந்தச் சுழல் தட்டில் ஊறுகாய் ஜாடி ஒன்று உள்ளே விழுந்து, எடுக்க முடியாமல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை வீட்டோடு வந்திருந்தாள். கடன் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. கதவுகள் மட்டும் அடியில் உப்பியபடியே, ஒரு டேப் ஒட்டி ஓட்டுகிறாள். கரும்பு வெட்டி வைத்துவிட்டு, வடைக்கு மாவு பிசைய என் மேடை முன்னால் நின்றவள், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கையில் மாவோடு திரும்பி, "அக்கா, இங்க மணை வேண்டியிருக்கலையே!" என்றாள். முழங்கையிலிருந்து மேடை வரைக்கும் விரற்கடை போட்டு அளந்து பார்த்தாள். கீழே குனிந்து அலுமினியக் கதவைத் திறந்து, கடப்பாத் தட்டை விரலால் தட்டினாள்.

ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் கேட்டாள், "அந்தக் கொத்தனார் திண்டிவனம் வரைக்கும் வருவாராக்கா?" கேட்டுச் சொன்னேன். தை முடிந்து வருகிறேன் என்றிருக்கிறார், பஸ் காசு தனி.